எனக்காக நீ பேசினால்

தம்பி,

சாப்பாடு மேசைமேல் மூடி இருக்கிறது. பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார். நீயே கதவைத் திற, நீயே பேசு. எந்தக் குழாய் ஒழுகுகிறது என்று நான் அவரிடம் மூச்சு விடவில்லை.

நேற்று மருந்துக்கடையில் கடைக்காரர் உன்னைக் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரியில் பேசிப் பழகும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடியே என் கண்ணைப் பார்த்து, "எனக்காக நீ பேசினா எனக்கு வருத்தமா இருக்குக்கா" என்றாய். உன் டீச்சர் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். நான்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆளே இல்லாமல் உன் காதுக்குள் கேட்கும் குரல்களையும் சேர்த்து, ஓயாத குரல் என்னுடையதுதான்.

அக்கா

பின்குறிப்பு: மன்னித்துவிடுடா. கண்ணைப் பார்த்துச் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால்தான் இந்தச் சீட்டு. உங்கள் வகுப்பில் அக்காமார்களையும் சேர்த்துக்கொள்வார்களா என்று டீச்சரிடம் கேள். எனக்காக நீ பேசினால் எனக்கு வருத்தமில்லை.