இடது பக்கம் பாடாத இயர்போன்

9 நவம்பர் 2008, ஞாயிறு

பூசை முடிந்து பாடற்குழு ஒத்திகை. கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, பெண்கள் பக்கம் இன்னும் கிசுகிசுப்புக் குரல்தான். "சத்தமா, சத்தமா" என்று கையை ஆட்டி ஆட்டித் தோள்பட்டை வலிக்கிறது. பதினொரு வருடமாக இந்தக் குழுவை நடத்துகிறேன். ராயபுரத்தில் சுருதி பிசகி என் காதைத் தாண்டிப் போனவர் யாரும் இல்லை. ஆனால் பாடவே பாடாதவர்களை எப்படித் திருத்துவது?

சாவியோ கீபோர்டு வாசிப்பவன், ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை. இரண்டு மைக் வைத்து ஒத்திகையைப் பதிவு செய்து என் மொபைலில் ஏற்றித் தந்தான். எனக்கு இடது கைப்பக்கம் நிற்கும் பெண்களுக்கு ஒரு மைக், வலது பக்கம் ஆண்களுக்கு ஒன்று. "இயர்போன்ல கேளு மாமு. லெஃப்ட்ல பொம்பளைங்க, ரைட்ல ஆம்பளைங்க. யாரு இன்னா பண்றாங்கன்னு புட்டு புட்டு வெச்சிடும்" என்றான்.

கல்மண்டபம் பக்கம் ஜஹானாரா கடையில் ஒன்று வாங்கினேன். காதுக்குள்ளேயே நுழைகிற, ரப்பர் மூடி போட்ட வகை. இருப்பதிலேயே மலிவு. சங்கீதம் நம் காதில் இருக்கிறது, விலையிலா இருக்கிறது?

10 நவம்பர், திங்கள்

சோதனை. எதையும் நாலு விதமாகப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

ரப்பர் மூன்று அளவில் தந்திருக்கிறார்கள். நடு அளவு பொருந்துகிறது. வலது காதில் செருகியதும் தெருச் சத்தம் பாதி அடங்கிவிட்டது. இடது காதில் செருகியபோது ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, அந்த ரப்பர் மட்டம் போல. வயர் சட்டையில் உரசினால் கரகரவென்று கேட்கிறது, அதுவும் வலது பக்கம்தான். பையில் வைத்து எடுத்தால் இடியாப்பம். ஆண்களின் கீழ்க்குரல் கனமாக, நன்றாக இருக்கிறது. கீபோர்டின் மேல் சுரங்கள் தகரம். இந்த விலைக்கு மன்னிக்கலாம்.

மன்னிக்க முடியாதது ஒன்று. இடது பக்கம் பாடவில்லை. காதில் கொசு போனது போல ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

12 நவம்பர், புதன்

ஷிஃப்ட் முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். ஜஹானாரா இடது பக்கத்தைத் தன் காதில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீதுண்ணே. பொம்பளைங்க கூரையைப் பிச்சிகினு பாடறாங்க."

கடைக்காரர் வேறு என்ன சொல்வார்? "பதினோரு வருஷமா கொயர் நடத்தறேம்மா. காதைப் பத்தி எனக்குச் சொல்லாதே" என்றேன். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு வேறொன்று எடுத்துத் தந்தார்.

13 நவம்பர், வியாழன்

இதிலும் இடது பக்கம் அவுட்.

14 நவம்பர், வெள்ளி

இரண்டு இயர்போனிலும் ஒரே பக்கம், ஒரே குறையா? இருக்காது. அப்படியென்றால் பொருளில் குறை இல்லை. பதிவிலேயே பெண்கள் இல்லை! ஜஹானாரா கேட்டதாகச் சொன்னது வியாபாரத்துக்காக.

நான் இத்தனை வருடம் கத்தியது நியாயம் என்று ஒரு மலிவு இயர்போன் நிரூபித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

போட்டுக் காட்டினேன்.

காசிமேட்டில் மீன் விற்கும் வியாகுலம்மாளை முதலில் கூப்பிட்டேன். மார்க்கெட்டில் அந்தக் கத்து கத்துகிறவள் கோயிலில் மட்டும் ஏன் வாயை மூடிக்கொள்கிறாள் என்பது என் நெடுநாள் கேள்வி. இயர்போனைக் காதில் வைத்துக்கொண்டாள். முகம் சிவந்தது.

"தோ, என் கொரலுதான் மொதல்ல கீது. காதுல இன்னாத்த அடைச்சிகினு கீற லியோனார்ட்டு? உனக்கோசரம் கத்திக் கத்தி தொண்டை கிழிஞ்சி பூட்ச்சு. கொழந்தைங்க பயந்து அழுவுதுன்னு பங்கு சனமே திட்டுது. இனிமே நீயே பாடிக்கோ."

போய்விட்டாள். பெண்கள் எல்லோரும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள். கடைசியாகப் போனவள் ஆன்சி. என் மனைவி.

17 நவம்பர், திங்கள்

பெண்கள் வரவில்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று பங்குச் சாமியார் நாசூக்காகச் சொன்னார். இந்தக் குழுவும் போனால் நான் யார்? திருவொற்றியூர் கம்பெனியில் இரும்பு அடிக்கிற பவர் ஹாமர் பக்கத்தில் நின்று கட்டைவிரலைத் தூக்குகிறவன். அங்கே ஒருவர் பேச்சும் ஒருவருக்குக் கேட்காது. இரும்பு சிவந்திருக்கும்போது 'இன்னா சொன்னே' என்று நிற்க முடியுமா? எதிராளி வாய் அசைந்தால் கட்டைவிரலைத் தூக்க வேண்டும், சரி என்று அர்த்தம். வீட்டிலும் அதே பழக்கம் என்று ஆன்சி சண்டை போடுவாள்.

இன்று சண்டைகூடப் போடவில்லை. பேசவே இல்லை. அல்லது பேசினாளா? சாப்பிடும்போது உதடு அசைந்தது போல இருந்தது.

22 நவம்பர், சனி

ஆன்சி இயர்போனைக் கொண்டுவந்து முன்னால் உட்கார்ந்தாள். "கண்ணை மூடு" என்றாள். மூடினேன். இரண்டு காதிலும் அவளே செருகினாள்.

பெண்கள் பாடினார்கள்! அப்பா, என்ன சத்தம். வியாகுலம்மாள் மண்டைக்குள் புகுந்து பாடினாள். ஆண்களைத்தான் காணோம்.

"ரிப்பேர் ஆயிடுச்சே! எப்படிப் பண்ணே?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணல. லெஃப்ட்டை ரைட்டுல போட்டேன், ரைட்டை லெஃப்ட்டுல போட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

நானே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். எதை இடது காதில் போட்டாலும் அது ஊமையாகிவிடுகிறது. இன்னா இது? என் காதா? என் காதா ஆண்டவரே? ஊரான் சுருதியெல்லாம் திருத்தினேனே — எனக்கு ஏன் தெரியாமப் போச்சு?

24 நவம்பர், திங்கள்

டாக்டர் பார்த்தார். இடது காது ஏறக்குறையப் போய்விட்டது, திரும்பாது. "வேலையில எந்தப் பக்கம் சத்தம்?" என்றார். ஹாமர் என் இடது பக்கம். காதில் பஞ்சு வைக்கிறவனைப் பட்டறையில் கேலி செய்வோம், முதல் கேலி என்னுடையதுதான்.

"வீட்ல யாரும் சொல்லலையா?"

ஆன்சி முந்திக்கொண்டாள். "தினம் சொல்லிகினுதான் இருந்தேன் டாக்டர். அந்தப் பக்கமே நின்னு."

30 நவம்பர், ஞாயிறு

காசிமேட்டுக்குப் போய் வியாகுலம்மாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அத்தனை மீன்காரிகள் நடுவில், அவள் வேண்டுமென்றே மெதுவாகப் பேச, "இன்னா? இன்னா?" என்று நான் கேட்க — நன்றாகச் சிரித்தார்கள். ஒத்திகைக்கும் வந்தார்கள்.

இன்று பெண்களை என் வலது பக்கம் நிறுத்தினேன். முதல் பாட்டிலேயே சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையாட்ட வேண்டியதாயிற்று. குறைத்ததும், அடியில் இன்னொரு குரல் ஓடுவது கேட்டது. இரண்டாம் குரல். ஆன்சியும் இன்னும் மூன்று பேரும், சுருதி துளி பிசகாமல். நான் கற்றுத் தரவில்லையே!

"போன வருசமே கேட்டேன், ரெண்டாங்கொரலு சொல்லித் தரட்டுமான்னு. கட்டைவிரலைத் தூக்கினியேய்யா" என்றாள் ஆன்சி.

ஒரு வருடமாகப் பாடியிருக்கிறார்கள். ஊரே கேட்டிருக்கிறது. நான் மட்டும் எதிரே நின்றுகொண்டு "சத்தமா" என்று கத்தியிருக்கிறேன். எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். எனக்கு வெட்கமாகக்கூட இல்லை.

7 டிசம்பர், ஞாயிறு

இனி ஆன்சி நடத்தட்டும் என்று சாமியாரிடம் சொன்னேன். எவ்வளவு சீக்கிரம் சம்மதித்தார்!

இயர்போன் பற்றித் திருத்திய தீர்ப்பு: இடது பக்கம் நன்றாகப் பாடுகிறது. இப்போது பெண்கள் பக்கத்தை என் வலது காதிலும், ஆண்கள் பக்கத்தை ஆன்சி காதிலும் வைத்துக் கேட்கிறோம். வயர் குட்டை, இரண்டு பேர் கேட்க ஒட்டி உட்கார வேண்டியிருக்கிறது. அதைக் குறை என்று எழுதமாட்டேன்.

25 டிசம்பர், வியாழன்

காலைப் பூசை. ஆன்சி கையைத் தூக்கிப் பாட்டைத் தொடங்கினாள். நான் ஆண்கள் வரிசையின் ஓரத்தில், பெண்களுக்கு வலது காதைக் கொடுத்து நின்றேன். இரண்டாம் குரல் ஒரு இழைகூடத் தப்பாமல் கேட்டது.

என் இடது பக்கம் நின்ற ஆண்கள்தான் இன்று வாயையே திறக்கவில்லை. சோம்பேறிகள். பாட்டு நடுவில் திரும்பி ஒரு கை ஆட்டலாம் என்றுகூடத் தோன்றியது. ஆட்டவில்லை.

பூசை முடிந்ததும் சாமியார் வந்தார். "ஆம்பளைங்க இன்னிக்கு இடி மாதிரி பாடினீங்கப்பா" என்றார்.

கட்டைவிரலைத் தூக்கினேன்.