கைதட்டலும் பிரியாவும்

14.7.2009, செவ்வாய்

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கச் சிதம்பரம் போன இடத்தில், இன்று ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து கவனித்தேன். ஆட்டிசம் உள்ள பிரியா அங்கே படிக்கிறாள். பக்கத்தில் இருப்பவர்களைக் கடிப்பதால், பெண்ணை வீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்வதற்காகத் தலைமையாசிரியை அவள் அம்மாவை வரச் சொல்லியிருந்தார்.

"காரணமே இல்ல மேடம். நல்லா படிச்சிட்டு இருக்கசொல்லதான் கடிக்குது," என்றார் வகுப்பாசிரியை செல்வி.

பிரியா ஒரு கணக்கைச் சரியாகப் போட்டாள். "எல்லாரும் கை தட்டுங்க!" என்றார் செல்வி. வகுப்பே தட்டியது. பிரியா காதைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நொடி பக்கத்துச் சிறுமியின் தோளைக் கடித்தாள்.

"அந்தச் சத்தம் அவளுக்குத் தாங்கல போல. தட்டாம இருந்து பாருங்க," என்றேன்.

"பாராட்டலன்னா ஏங்கிப் போயிடாதா மேடம்?"

அரை மனதோடு நிறுத்தினார். பிரியா தன் பாட்டுக்கு அடுத்த கணக்கைப் போட்டாள், அதற்கடுத்ததையும். கடிபட்டவள் தோளைத் தடவியபடி, "இனிமே யாருக்குமே தட்ட வேணாம் டீச்சர்," என்றாள்.

ஒரு காலைப் பொழுதை வைத்து நான் எதையும் முடிவு செய்வதில்லை. கூட இருந்து பார்த்த தலைமையாசிரியைதான் உடனே, "இந்த மாசம் பாக்கலாம்," என்றார்.

மதியம் வந்த அம்மா அவரை நம்பவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "நெஜமாவே நாளிக்கு இட்டாரட்டுமா மேடம்?" என்று கேட்டார்.

"கூட்டிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டேன். நாளை நான் கடலூரில் இருப்பேன். அவள் மறுபடி கடித்தால், என் வார்த்தையை நம்பியதற்காகத் தலைமையாசிரியை முன் வந்து நிற்கப் போகிறவர் அந்த அம்மாதான்.