‘சாரி’ என்று நீ எழுதிக் கொடுக்கவில்லை

இன்று காலை பாறசாலையில் பஸ் ஏறும்போது ஒரு கல்லூரிப் பெண் என் காலை மிதித்துவிட்டாள். “சாரி அங்கிள்” என்றாள். வலிக்கவில்லை. ஆனாலும் யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. இந்த வழித்தடத்தில் ஒரு காலத்தில் அந்தச் சொல்லை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

ஐம்பதுகளில் எல்லைப் போராட்டம் சூடாக இருந்த மாதங்கள் அவை. இந்த ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனவர்களை நெய்யாற்றின்கரையில் அடைத்தார்கள். மிஷன் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்து படித்த நீ அப்போது வெள்ளறடை பஸ்ஸில் கண்டக்டர். நீயும் உள்ளே போனாய். நான் ஒரு நாளிதழின் புதிய நிருபர். போலீசிடம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. நடந்ததற்கு ‘சாரி’ என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் அன்றே விட்டுவிடுவார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் அந்த ஒரு சொல் தெரிந்திருந்தது. சாரி எழுதிவிட்டு வந்தவனுக்கு ஊரில் அதன் பிறகு முகம் கிடையாது.

ஒரு மாலை, விடுதலையானவர்களின் பெயர்களைக் கான்ஸ்டபிள் ஒருவர் எனக்கு வாசித்துக் காட்டினார். உன் பெயரும் இருந்தது. ஏன் விட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. வேறு காரணம் இருக்கக்கூடும் என்றே தோன்றவில்லை. ‘மன்னிப்பு எழுதிக் கொடுத்து வெளிவந்தவர்கள்’ என்று எல்லாப் பெயர்களையும் பத்திரிகைக்கு அனுப்பினேன். அப்படியே அச்சில் வந்தது.

உனக்கு லாக்கப்பில் அம்மை கண்டிருந்தது. மற்றவர்களுக்கும் ஒட்டிவிடும் என்று பயந்து உன்னை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் படுத்திருந்த நாட்களில் ஒருவரும் எட்டிப் பார்க்காததற்கு அம்மைதான் காரணம் என்று நீ நினைத்திருந்தாய்.

தழும்புகளோடு வேலைக்குத் திரும்பிய அன்றுதான் உனக்கு விஷயம் தெரிந்தது.

“சாரி கண்டக்டரே, கொஞ்சம் வழி விடணும்” என்று ஒருவன் ஏறினான்.

“எலே, அவருகிட்ட அதைச் சொல்லாத. அவரு போலீசுக்கு எழுதிக் குடுத்த சொல்லாக்கும் அது” என்றான் இன்னொருவன்.

பஸ் முழுக்கச் சிரிப்பு. நானும் அந்தப் பஸ்ஸில் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் என் அறைக்கு வந்தாய். “நான் எழுதிக் குடுத்தேண்ணு எவன்லே உனக்குச் சொன்னது?”

யாரும் சொல்லவில்லை என்றேன். பிறகு, “சாரி மக்கா.”

நீ சொன்னாய்: “பொறுத்துக்கிடுண்ணு நம்ம பேச்சுல சொன்னா, நீ ஏதோ செய்ததா ஆயிரும். சாரிண்ணு சொல்லிட்டா எந்திரிச்சுப் போயிரலாம், இல்லியா? எனக்கு ரெண்டும் வேண்டாம். பேப்பர்ல போடு. நாலு வரி மதி, வேறொண்ணும் வேண்டாம்.”

போடுகிறேன் என்றேன். எழுதவும் செய்தேன். அனுப்பவில்லை. என் வேலை நிரந்தரமாகும் நேரம். முதல் வருடத்திலேயே தவறாக எழுதியவன் என்று பெயரெடுக்க எனக்கு மனமில்லை. சில மாதங்களில் நீ பஸ்ஸை விட்டுவிட்டு அம்பூரிக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போனாய்.

எல்லை முடிவானபோது, கையெழுத்துப் போட்டவன் ஊரும் போடாதவன் ஊரும் ஒன்றுபோலக் கேரளத்திலேயே நின்றுவிட்டன. பின்னாளில் சிறை சென்றவர்களுக்குக் கூட்டம் போட்டுச் சால்வை போர்த்தினார்கள். உன்னை அழைக்கவில்லை. அந்தச் செய்தியையும் நான்தான் எழுதினேன். அழைக்கப்படாதவனைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

உன் அடக்கத்துக்கு வந்தேன். உன் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். எனக்கு வாயில் வந்தது அந்த ஆங்கிலச் சொல்தான். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

“கடைசி வரைக்கும் உங்க பேப்பரை அவரு நிறுத்தல்ல சாரே” என்றார்.

அந்த நாலு வரியை இத்தனை வருடம் சுமந்திருக்கிறேன். இப்போது போடுகிறேன். நீ எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அம்மை கண்டதால் உன்னை விட்டார்கள். விசாரிக்காமல் எழுதியவன் நான். தெரிந்த பிறகும் திருத்தாதவனும் நான்.

அன்று அந்தப் பஸ்ஸில் சிரித்தவர்களில், இதைப் படிக்க இன்று ஒருவரும் மிச்சமில்லை.