உப்பு பார்த்த நாக்கு

12 ஆகஸ்ட் 2008, செவ்வாய்

இன்று மாதம்மாவை வேலையை விட்டு அனுப்பினோம்.

மண்டபம் கடற்கரையிலிருந்து மூட்டையில் வரும் கடல்பாசியை உப்புப் போக அலசுவது அவள் வேலை. அதை அமிலத்தில் வேகவைத்துச் சர்க்கரையாக்குவது என் வேலை. சர்க்கரையை ஈஸ்ட் எரிசாராயமாக்கும். உப்பு அளக்கும் மீட்டர் பழுதானபோது, பாசியைக் கடித்துப் பார்த்துச் சொல்லும்படி அவளிடம் சொன்னவன் நான்தான்.

காலையில் பார்த்தால் தொட்டியில் ஈஸ்ட் செத்துக் கிடந்தது. பெங்களூர் முதலாளிகள் பார்வையிட வந்த நாள். உப்பு மிஞ்சினாலும் ஈஸ்ட் சாகும்; பாசியில் உப்பு தங்கிவிட்டதா என்று மேனேஜர் அவளைக் கேட்டார்.

"மூணு தண்ணி அலசினேன் சார். நாக்குல வெச்சும் பாத்தேன், சப்புன்னுதான் இருந்துச்சு."

"இது என்ன கம்பெனியா, கொழம்புச் சட்டியா? நாளைக்கு வராத."

அதை அவர் கன்னடத்திலும் சொன்னார். முதலாளிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று அடுப்பை அணைக்காமல் நான் டீக்கடையில் உட்கார்ந்திருந்ததை யாரும் கேட்கவில்லை. பாசி அமிலத்தில் அதிகம் வெந்தால் சர்க்கரை கெட்டு ஈஸ்டுக்கு விஷமாகும். அறிக்கையில் ‘மனிதத் தவறு’ என்று எழுதினேன். பொய்யில்லை, நானும் மனிதன்தான்.

மாலையில், அலசி வைத்திருந்த மிச்சப் பாசியைக் கடித்துப் பார்த்தேன். துளி உப்பில்லை.

கேட் அருகே மாதம்மா மத்திகிரி பஸ்ஸுக்கு நின்றிருந்தாள்.

"என்னால உங்களுக்குக் கெட்ட பேரு சார். வெத்தல போட்டுப் போட்டு நாக்கு மரத்துப் போச்சாட்டம் இருக்குது."

"இருக்கும்" என்றேன்.