அகத்தித் தீவில் நீங்கள் பார்த்த ஆமை

அப்பா,

இன்று காலை பெங்களூர் நீலசந்திராவில் நம் வீட்டுப் பரண்மேலிருந்து, கடலில் முங்கும் சாமான்கள் வைத்த பையை இறக்கித் திறந்தேன். தண்ணீருக்கடியில் பார்க்கும் கண்ணாடி முகமூடியின் ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. அதன் பட்டை இன்னும் உங்கள் தலை அளவிலேயே இருந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் வேலை பார்த்த கோலார் தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு நாம் பெங்களூருக்கு வந்தோம். சுரங்கத் தூசியும் உங்கள் நெஞ்சுக்குள் கூடவே வந்தது. சில வருடம் கழித்து நான் லட்சத்தீவில் கடலாமைகளைக் கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்தேன். முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடிக்குப் போகிறேன் என்று கேட்டதும் அம்மா அழுதாள். நீங்கள் எவ்வளவு ஆழம், கூட யார் இறங்குவார்கள் என்று மட்டும் கேட்டீர்கள்.

அடுத்த வருடம் அடம்பிடித்து உங்களைக் கப்பலேற்றி அகத்திக்கு அழைத்துப் போனேன். இடுப்பளவுத் தண்ணீரில், லுங்கியோடு, இந்த முகமூடியை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி முகத்தை உள்ளே வைத்தீர்கள். மூச்சு தாங்கவில்லை. எழுந்து வெகுநேரம் இருமினீர்கள். போதும் என்பீர்கள் என்று நினைத்தேன். மறுபடி குனிந்தீர்கள். மணலில் வெயில் அலையலையாக ஆடியது. பச்சையும் ஊதாவுமாகக் கிளிமீன்கள் பவளத்தைக் கொறித்துக்கொண்டிருந்தன.

நிமிர்ந்தபோது உங்கள் கண் சிவந்திருந்தது. “இத்தன வருசம் கீழ எறங்கனேன்மா. கீழ இம்மாம் வெளிச்சம் இருக்கும்னு தெரியாமப் போச்சே.”

அப்போதுதான் சைக்கிள் சக்கரம் அளவு பச்சை ஆமை ஒன்று கடற்புல்லை மேய்ந்தபடி உங்கள் காலருகே வந்தது. சற்றைக்கெல்லாம் தலையை வெளியே நீட்டி, ‘புஸ்’ஸென்று மூச்சு வாங்கியது.

“அதுவும் மேல வந்துதான் மூச்சு வாங்கணுமா?”

ஆமாம்பா என்றேன். அது ஆழத்துக்குப் போய் மறையும்வரை நீங்கள் அசையவில்லை.

அதற்கப்புறம் ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் நான் தீவில் இருந்தபோது உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்ததாகத் தம்பி போன் செய்தான். காற்றும் மழையுமாக இருந்தது. கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. நான் வந்து சேர்ந்தபோது ஓசூர் ரோடு கல்லறையில் உங்கள் மேல் கிடந்த மாலைகள் கருகியிருந்தன. வாழ்நாள் முழுக்க எந்த மண்ணுக்குள்ளிருந்து ஏறி ஏறி வந்தீர்களோ, அதற்குள்ளேயே மறுபடி இறக்கிவிட்டார்களே என்றுதான் தோன்றியது. எனக்கு அழக்கூட வரவில்லை.

அம்மா பிறகு சொன்னாள். ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கி விலக்கி ஒன்றையே கேட்டீர்களாம்: “பாப்பா மேல வந்துட்டாளா?” வந்துட்டா, வந்துட்டா என்று அவள் உங்கள் கையைப் பிடித்துச் சொன்ன பிறகுதான் அடங்கினீர்களாம். அந்நேரம் நான் தண்ணீருக்குள் இல்லை அப்பா. கப்பல் வராத துறையில் நனைந்தபடி நின்றிருந்தேன்.

இப்போதெல்லாம் கடலிலிருந்து தலை வெளியே வந்ததும் வாயிலிருக்கும் குழாயை எடுத்துவிட்டு, “வந்துட்டேன்பா” என்கிறேன். படகோட்டி தன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்துக் கையை நீட்டுகிறார். நானும் பிடித்துக்கொண்டு ஏறுகிறேன்.