மாதாவின் பெங்களூர்ச் சேலை

சேசு மரி சூசை துணை

தங்கவயல்,
4-9-1968

அன்புத் தங்கை மரியம்மாளுக்கு அண்ணன் ராயப்பன் எழுதுவது.

கால் ஒட்டிவிட்டது. ஊன்றுகட்டையை வீசிவிட்டேன். சுரங்கத்தில் பாறை சரிந்த அன்று, காலைக் காப்பாற்றினால் பட்டுச்சேலை சாத்துகிறேன் என்று நம் ஊர் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன் அல்லவா? போன மாசம் ஊன்றுகட்டையோடு பெங்களூரில் மூன்று கடை ஏறி இறங்கி நானே பொறுக்கிய சேலை இது. ஊதா உடம்பு, மஞ்சள் கரை. சுத்தப் பட்டு என்று கடைக்காரன் சத்தியம் செய்தான். முனிசாமி ஊருக்கு வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். சின்ன காஞ்சிபுரத்துத் தறிக்காரர் வீட்டில் நாளெல்லாம் பட்டுநூல் சுற்றுகிறவள் நீ. பார்த்துச் சொல். எட்டாம் தேதி திருநாளுக்குச் சாத்திவிடு. எனக்கு லீவு இல்லை, என் பங்குக்கும் நீயே கும்பிட்டுக்கொள்.

உன் அண்ணன்,
ராயப்பன்

ஓரிக்கை,
10-9-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

சேலை வந்தது. மாதாவுக்கு நானே மடிப்பு வைத்துச் சாத்தினேன். ஊரே அண்ணாந்து பார்த்தது.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. நம் கோயில் எரிந்துபோய்விட்டது அண்ணா. சாயங்காலம் எல்லாரும் தேரோடு தெருவைச் சுற்றிக்கொண்டிருந்தோம். அப்போது பீடத்தில் தீப்பிடித்திருக்கிறது. சேலை, ஜோடனைக் காகிதம், கூரைப் பனங்கை என்று மேலே ஏறி, நூற்றைம்பது வருஷத்துக் கூரை அரைமணியில் உள்ளே விழுந்துவிட்டது. நாம் ஞானஸ்நானம் வாங்கிய கல்தொட்டி கரிபிடித்து நிற்கிறது. கோயில்பிள்ளை சின்னப்பன் உள்ளே ஓடி மாதாவைத் தூக்கி வந்தார். அவருக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது. மெழுகுவர்த்தியை அணைக்காமல் விட்டது அவர்தான் என்று ஊரில் பேசுகிறார்கள். "எல்லாத்தையும் அமத்திட்டுத்தாம்மா தேர் இழுக்கப் போனேன்" என்று என்னிடம் அழுதார். பின்சுவர் சாய்ந்திருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் இடித்துவிடலாம் என்கிறார் சாமியார்.

மரியம்மாள்

தங்கவயல்,
16-9-1968

மரியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவில்லை. இடிக்க விடாதே. பூமிக்கு அடியில் பாறைக்கே முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்துகிறவன் நான், கோயில் சுவருக்குக் கொடுக்க முடியாதா? இரண்டு பக்கமும் முட்டு நிறுத்தும்வரை எரிந்த உத்தரத்தை யாரும் அசைக்கக்கூடாது.

எனக்கு ஆத்திரமெல்லாம் சின்னப்பன்மேல்தான். நீயே எனக்குக் காட்டியிருக்கிறாய், பட்டுநூலில் தீ வைத்தால் சுருண்டு அணைந்துவிடும். மெழுகுவர்த்தி தொட்டதற்குப் பட்டுச்சேலை அப்படி எரியுமா? விளக்குக்கு ஊற்றும்போது மண்ணெண்ணெயைச் சிந்தியிருக்கிறான். சாமியாருக்கும் இதை எழுதிப் போட்டுவிட்டேன். அவனை இனிமேல் மணிக்கயிற்றைத் தொடவிடக் கூடாது.

ராயப்பன்

ஓரிக்கை,
23-9-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

என்மேல் கோபப்படு, ஆனால் முழுக்கப் படி.

நேற்றுப் பூசையில் சாமியார் உன் கடிதத்தை வாசித்தார். சின்னப்பன் கைக்கட்டோடு தலைகுனிந்து நின்றார். மாதக் கடைசியில் வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் எல்லாவற்றையும் அணைத்தது உண்மை. நான்தான் திரும்பப் போய், உன் காலுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிச் சேலைக் கரையோரம் வைத்தேன். இதைப் பூசை முடிந்ததும் சாமியாரிடம் சொன்னேன். அவர் உன் கடிதத்தைக் காட்டி, "பட்டு இப்படி எரியாதும்மா, இரக்கப்பட்டு அவன் பழியை நீ சுமக்காதே" என்கிறார்.

அது பட்டில்லை அண்ணா. தொட்டதுமே என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. மனசு கேட்காமல் முந்தியில் ஒரு நூலை உருவி எரித்தேன். காகிதம் மாதிரி குப்பென்று எரிந்தது. ஊன்றுகட்டையோடு மூன்று கடை ஏறி இறங்கியவனிடம் இதை எப்படிச் சொல்வேன்? சாம்பலை ஊதிவிட்டு மாதாவுக்குச் சாத்தினேன். உன்மேல் வைத்த பாசத்தில் வாயை மூடிக்கொண்டேன், கோயிலே போய்விட்டது.

உன் நேர்த்திக்கடனை நானே ஊர் நடுவில் கேலியாக்க எனக்கு மனசு வரவில்லை. நீயே சாமியாருக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதாவிட்டால் நான் எழுந்து சொல்லிவிடுவேன். உனக்காக இன்னொரு முறை மறைக்க என்னால் முடியாது.

மரியம்மாள்

தங்கவயல்,
26-9-1968

மரியா,

ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபம். பிறகு கடைக்காரன்மேல். கடைசியில் என்மேல். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு வேளை சோறு இறங்காமல் இருந்திருப்பேன், அவ்வளவுதானே அம்மா?

சாமியாருக்கு எழுதப்போவதில்லை. என் கடிதத்தைப் பூசையில் வாசித்துவிட்டார்கள், அதற்கு நான் பூசையில் நின்று வாயால்தான் பதில் சொல்லவேண்டும். ஒரு மாசம் லீவு எழுதிக்கொடுத்துவிட்டேன். நாளை ரயில் ஏறுகிறேன். வாய்ச்சியையும் ரம்பத்தையும் கொண்டுவருகிறேன். சின்னப்பன் கை ஆறும்வரை மணி அடிக்கிறது நான்தான்.

ராயப்பன்

ஓரிக்கை,
27-12-1968

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ போன பிறகு மழை பேயாட்டம் ஆடியது. பின்சுவர் அசையவில்லை. புதுப் பனங்கையும் ஓடும் ஒரு சொட்டு உள்ளே விடவில்லை. கிறிஸ்துமஸ் பூசைக்குச் சின்னப்பனே மணி அடித்தார். விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு இழுக்கிறார். "அண்ணன எப்பம்மா வரச் சொல்றே?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீ வந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் "சேலை பட்டில்லீங்க, ஏமாந்தது நான்" என்று சொல்லிவிட்டு, பிடிக்க அவர் கை புண்ணாக இருந்ததால் குனிந்து காலைத் தொட்டாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அழுகை வருகிறது.

மாதாவுக்கு இப்போது வெள்ளை நூல்சேலை. மெழுகுவர்த்திகளை வாசல் பக்கம் மணல்தொட்டியில் நடுகிறோம்.

கிறிஸ்துமஸுக்கு எனக்கு நீ அனுப்பிய பச்சைச் சேலையும் வந்து சேர்ந்தது. இந்தத் தடவை சுத்தப் பட்டுதான் என்று எழுதியிருக்கிறாய். முந்தியில் ஒரு நூல் உருவி எரித்துப் பார்த்தேன். குப்பென்று எரிந்தது அண்ணா. அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இன்றைக்கு நான் அடுப்புப் பக்கமே போகப்போவதில்லை, பழைய சோறுதான்.

உன் தங்கை,
மரியம்மாள்