கோயிலைச் சுற்றிய மூன்று கிலோமீட்டர்

ஆகஸ்ட் 30

நான் ஓட வேண்டியதை என் மனைவி கமலா எனக்குத் தெரியாமல் நடந்து முடித்துவிட்டாள். இது அநியாயம்.

இந்த மாதம் அறுபது கிலோமீட்டர் ஓடுவது என்று நானே வைத்த கணக்கு. ஓட யாரும் சொல்லித் தரவில்லை, அறுபத்தேழு வயதில் நானாகப் பழகியது. நேற்று குற்றாலம் ரோட்டில் ஓடியதோடு ஐம்பத்தேழு ஆனது. முழங்கால் வீங்கிவிட்டதால் இன்று படுத்துக் கிடந்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் என் வாட்ச் அறுபது காட்டுகிறது.

முழங்கால் சரியாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, என் வாட்சைக் கட்டி, பட்டனையும் அமுக்கிவிட்டு, கோயிலை ஒன்பது சுற்று சுற்றியிருக்கிறாள்.

"நீ நடந்தத நான் ஓடுனதா எப்படிட்டி எழுத?"

"ஒருத்தருக்கு நேர்ந்தத இன்னொருத்தர் சுத்துனா சாமியே ஒத்துக்கிடுது. வாட்சும் ஒத்துக்கிட்டு. நீங்கதான் மாட்டேங்கீய."

சாமியும் வாட்சும் ஒத்துக்கொள்ளட்டும். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்து அவள் பாதம் கொப்பளித்திருக்கிறது. சேலையால் மறைத்தாள், பார்த்துவிட்டேன்.

நாளை மாதக் கடைசி. மூன்று கிலோமீட்டரை நான்தான் ஓட வேண்டும். முடியாவிட்டால் ஐம்பத்தேழு என்றே எழுத வேண்டும். காலையில் அவள் என் முழங்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டும். அவள் பாதத்துக்கு நான் மருந்து போட வேண்டும். அவள் நடந்த மூன்றை அவள் பெயரில் தனியாக எழுத வேண்டும். அடுத்த மாதம் எத்தனை என்று அவளே சொல்ல வேண்டும்.